ஆவியாகப் போன ஏழு ரூபாய்



2022 ஆம் ஆண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? உங்களில் சிலர் அப்போது தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் இருந்திருப்பீர்கள். சிலருக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஒரு லீற்றர் மண்ணெண்ணெயின் விலை 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. ஒரே தடவையில் ஏறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட நாலு மடங்கு!

மண்ணெண்ணெய் மட்டும் ஏறவில்லை. 12.5 கிலோ கேஸ் சிலிண்டர் 2021 ஒக்டோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாய். 2022 ஏப்ரலில் அதுவே 4,860 ரூபாய். நம் வீடுகளில் தினமும் ரொட்டி சுடுகிறோமே, அந்தக் கோதுமை மா கிலோ நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அது முந்நூறைத் தாண்டிப் போனது.

"ஏன் ஏறியது?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஏன் என்று கேட்கிற பிள்ளைகள்தான் விஞ்ஞானம் படிக்கப் பிறந்தவர்கள்.

மண்ணெண்ணெய், கேஸ், கோதுமை எல்லாம் கப்பலில் வெளிநாட்டிலிருந்து வருகின்றன. அவற்றை டொலர் கொடுத்து வாங்க வேண்டும். அப்போது நாட்டிடம் டொலர் தீர்ந்துவிட்டது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறக்குறைய 200 ரூபாய். மே மாதத்தில் அது 360 ரூபாய் வரை போயிற்று. ஆகவே வந்து இறங்கிய சாமான் எல்லாம் விலை ஏறியது.

இதில் நம் தேயிலைக்கும் ஒரு பங்கு உண்டு. தேயிலை, நாட்டுக்கு டொலர் கொண்டுவரும் பயிர். 2021 இல் இரசாயன உரத்தை இறக்குமதி செய்யக்கூடாது என்று அரசாங்கம் தடை போட்டது. அதே ஆண்டு நவம்பரில் தடையை எடுத்துவிட்டார்கள். ஆனால் உரம் இல்லாத செடியில் கொழுந்து குறைந்தது குறைந்ததுதான். 2021 இல் ஏறக்குறைய 30 கோடி கிலோ தேயிலை செய்த நாடு, 2022 இல் 25 கோடி கிலோதான் செய்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அவ்வளவு குறைவாக விளைந்ததே இல்லை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 2022 செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 சதவீதம் என்று அறிவித்தார்கள். அப்படியென்றால் என்ன? ஒரு வருடத்துக்கு முன் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமானுக்கு அந்தச் செப்டம்பரில் 169 ரூபாய் 80 சதம் கொடுக்க வேண்டியிருந்தது. அவ்வளவுதான். உணவுப் பொருட்களை மட்டும் எடுத்தால் 94.9 சதவீதம். சாப்பாட்டுச் செலவு ஏறத்தாழ இரட்டிப்பு.

அடுத்த வருடம் 2023 செப்டம்பரில் பணவீக்கம் 1.3 சதவீதமாக இறங்கியது. இங்கே கொஞ்சம் நில்லுங்கள். பெரியவர்கள்கூட இந்த இடத்தில் தடுமாறுவார்கள். பணவீக்கம் இறங்கினால் சாமானின் விலையும் இறங்கிவிடுமா?

இறங்காது. 169 ரூபாய் 80 சதத்துக்கு ஏறிய சாமான்கள், இன்னும் 1.3 சதவீதம் ஏறி 172 ரூபாய் ஆகியிருக்கும். ஏறுகிற வேகம்தான் குறைந்தது. ஏறிய விலை ஏறிய இடத்திலேயே இருந்தது. "விலைவாசி குறைந்துவிட்டது என்று ரேடியோவில் சொல்கிறார்களே, கடையில் குறையவில்லையே" என்று அம்மா கேட்டால், நீங்கள் இப்போது விளக்கம் சொல்லலாம்.

சரி, விலையை நம்மால் இறக்க முடியுமா? முடியாது. ஆனால் வீட்டுச் செலவு என்பது ஒரு பெருக்கல் கணக்கு. விலையை அளவால் பெருக்கினால் செலவு. விலை யார் யார் கையிலோ இருக்கிறது. அளவில் ஒரு பங்கு நம் கையில் இருக்கிறது. சாப்பாட்டைக் குறைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். வளர்கிற பிள்ளை வயிறாரச் சாப்பிட வேண்டும். நான் குறைக்கச் சொல்வது வேறொன்று. யாருக்கும் பயன்படாமல் கூரை வழியாகப் போகிற வெப்பம்.

அதைப் புரிந்துகொள்ள முதலில் ஓர் உண்மை தெரிய வேண்டும். இது மலைநாட்டுப் பிள்ளைகளுக்கே உரிய உண்மை. தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது கடல் மட்டத்தில் சரி. நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகைக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96 பாகை அளவில் கொதிக்கும். பீதுருதாலகால மலை உச்சியில் அடுப்பு மூட்டினால் 92 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும்.

ஏன் இப்படி? நம் தலைக்கு மேலே காற்று இருக்கிறது. காற்றுக்கும் பாரம் உண்டு. பனிக்குளிரில் ஐந்து கம்பளிகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் போர்த்திப் படுத்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடியில் கிடப்பவருக்கு ஐந்தின் பாரமும் தெரியும். கொழும்பில் இருப்பவர் ஐந்து கம்பளிக்கும் அடியில் இருக்கிறார். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே இருப்பவருக்கு மேலே நாலு கம்பளிதான். ஒரு கம்பளி அளவு காற்று அவருக்குக் கீழே போய்விட்டது. புரிகிறதா? நுவரெலியாவின் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான்.

தண்ணீர் கொதிக்க வேண்டுமானால் உள்ளே உண்டாகும் ஆவி, மேலே அழுத்தும் காற்றைத் தள்ளிக்கொண்டு குமிழியாக வெளியே வர வேண்டும். அழுத்தம் குறைந்தால் தள்ளுவது சுலபம். ஆகவே குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. ஏறக்குறைய 300 மீற்றர் ஏறினால் ஒரு பாகை குறையும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதனால் அடுப்படியில் என்ன நடக்கிறது? கடலையோ பயறோ வேகுவது தண்ணீரின் சூட்டில். மட்டக்களப்பில் அது 100 பாகையில் வேகுகிறது. நம் ஊரில் 94 பாகையில் வேக வேண்டும். அதனால் கூடுதல் நேரம் எடுக்கும். கூடுதல் நேரம் என்றால் கூடுதல் விறகு, கூடுதல் மண்ணெண்ணெய். மலையில் இருப்பதற்காகவே நம் அம்மாமார் அடுப்புக்குக் கொஞ்சம் அதிகம் செலவழிக்கிறார்கள். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

"அப்படியென்றால் நெருப்பைக் கூட்டினால் சீக்கிரம் வேகுமே?" என்று ஒரு தங்கச்சி கேட்பது எனக்குக் கேட்கிறது. கெட்டிக்காரி! எல்லோருக்கும் தோன்றுவதுதான். ஆனால் அது நடக்காது.

தண்ணீர் கொதிக்கத் தொடங்கிவிட்டால் அதன் சூடு அதற்குமேல் ஏறாது. மெல்லக் கொதித்தாலும் 94 பாகை. தளதளவென்று கொதித்தாலும் அதே 94 பாகை. நெருப்பைக் கூட்டினால் அந்தக் கூடுதல் வெப்பம் முழுவதும் தண்ணீரை ஆவியாக்குவதற்கே போகும். கடலைக்கு அதில் ஒரு துளியும் போகாது.

ஆவியாக்க எவ்வளவு வெப்பம் தேவை தெரியுமா? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. நுவரெலியாவின் குளிர்ந்த தண்ணீர் ஒரு லீற்றரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 310 கிலோயூல் வெப்பம் வேண்டும். கொதித்த அந்த ஒரு லீற்றரை முழுக்க ஆவியாக்க 2,260 கிலோயூல் வேண்டும். ஏழு மடங்குக்கும் மேல்!

திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு லீற்றரில் ஏழில் ஒரு பங்கு என்பது ஒரு சின்னத் தேத்தண்ணிக் கோப்பை அளவு. மூடாத சட்டியிலிருந்து ஒரு கோப்பைத் தண்ணீர் ஆவியாகப் போனால், இன்னொரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமான வெப்பம் அதோடு போய்விட்டது.

அதற்கு விலை போடலாமா? ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறக்குறைய 35,000 கிலோயூல் வெப்பம் இருக்கிறது. அடுப்பில் எரியும்போது அதில் பாதிகூடப் பாத்திரத்துக்குள் போவதில்லை. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க 20 மில்லிலீற்றர் மண்ணெண்ணெய் அளவில் செலவாகும். லீற்றர் 340 ரூபாயாக இருந்த 2022 விலையில் அது ஏறக்குறைய ஏழு ரூபாய்.

ஒரு கோப்பை ஆவி, ஏழு ரூபாய். காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை போனால் ஒரு நாளைக்குப் 14 ரூபாய். ஒரு மாதத்துக்கு 420 ரூபாய். அந்தக் காலத்தில் ஒரு நாள் கொழுந்து எடுத்தால் கிடைத்த சம்பளம் 1,000 ரூபாய். ஏறத்தாழ அரைநாள் உழைப்பு புகட்டு வழியாகப் போய்விட்டது!

ஆகவே முதல் வேலை, சட்டிக்கு மூடி போடுவது. ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து மறுபடி சட்டிக்குள்ளேயே விழும். இரண்டாவது, கொதி வந்ததும் நெருப்பைக் குறைப்பது. விறகு அடுப்பில் ஒரு கட்டையை வெளியே இழுத்தால் போதும்.

கடலை, பயறு எல்லாம் முதல் நாள் இரவே ஊறப் போட வேண்டும். தானியத்தின் நடுப்பகுதிக்குத் தண்ணீர் போய்ச் சேர நேரம் எடுக்கும். அந்த நேரத்தை அடுப்பின் மேல் செலவழித்தால் விறகு எரியும். இரவில் பாத்திரத்தில் செலவழித்தால் காசு செலவில்லை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. புளி, தக்காளி போன்றவற்றைக் கடலை வெந்த பிறகு சேர்க்கச் சொல்லுங்கள். புளிப்பு, கடலையின் தோலையும் சதையையும் சீக்கிரம் மெத்தென்று ஆகவிடாது.

பிறகு பிரஷர் குக்கர். 1679 இல் டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் இலண்டனில் இதன் மூதாதைப் பாத்திரத்தைச் செய்து காட்டினார். ஆவியை உள்ளே அடைத்துவைத்தால் அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் ஏறும். நுவரெலியாவில்கூட நல்ல குக்கருக்குள் 115 பாகையைத் தாண்டும். காற்றழுத்தம் குறைவதால் நமக்கு வந்த நட்டத்தை அது ஈடுகட்டுகிறது. கடற்கரை ஊர்க்காரரைவிட நமக்குத்தான் குக்கர் அதிகம் உதவும். ஆனால் அது சும்மா கிடைக்கிற பாத்திரம் அல்ல. வீட்டில் இருந்தால் பயன்படுத்தலாம். இல்லையென்றால் மூடியும் ஊறவைப்பதுமே பெரிய உதவிதான்.

இன்னொரு வழியும் இருக்கிறது. இதற்குக் காசே வேண்டாம். உலகப் போர்களின்போது ஐரோப்பாவில் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. அப்போது பல வீடுகளில் வைக்கோல் அடைத்த பெட்டி வைத்திருந்தார்கள். சோற்றையோ பருப்பையோ கொதிக்கவைத்து, மூடியோடு இறக்கி, அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். வைக்கோலுக்குள் சிக்கிய காற்று, சூட்டை வெளியே விடாது. அடுப்பில்லாமலே மீதி வேக்காடு நடந்துவிடும். நாம் பழைய கம்பளியையோ சாக்கையோ வைத்து இதைச் செய்யலாம். பாத்திரத்தை அடுப்பிலிருந்து தள்ளி இறக்கிய பிறகே சுற்ற வேண்டும். சூடாக இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும். ஆறிப்போயிருந்தால் மறுபடி கொதிக்கவைத்தே சாப்பிட வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் நீங்கள் இதைச் செய்யக்கூடாது. சரிதானே?

விறகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கவ்வாத்து முடிந்ததும், வெட்டிப் போட்ட தேயிலைக் கிளைகளை, அதுதான் மிலாறு, கட்டிக்கொண்டு வருவார்கள் அல்லவா? பச்சை மிலாற்றின் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கலாம். அதை அப்படியே அடுப்பில் வைத்தால், முதலில் அந்தத் தண்ணீர் ஆவியாக வேண்டும். மேலே போட்ட கணக்கு ஞாபகம் இருக்கிறதா? ஆவியாக்குவதுதான் ஆகச் செலவான வேலை. அடுப்பு நம் சட்டியை விட்டுவிட்டு விறகுக்குள் இருக்கும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக்கொண்டிருக்கும். புகையும் அதிகம். அந்தப் புகை அம்மாவின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் மாதக்கணக்கில் மழை கொட்டும். அங்கே விறகை அடுப்புக்கு மேலே தட்டுக் கட்டி உலர்த்துவார்கள். அந்தப் பாட்டிமார் செய்தது அசல் விஞ்ஞானம்.

இனி உங்களுக்கு ஒரு பரிசோதனை. ஒரு கொப்பி எடுங்கள். மண்ணெண்ணெய்ப் போத்தலில் ஒரு கோடு போடுங்கள். ஒரு வாரம் வழக்கம்போலச் சமைக்கட்டும். எவ்வளவு இறங்கியது என்று குறியுங்கள். அடுத்த வாரம் மூடி போட்டுச் சமைக்கட்டும். மறுபடி குறியுங்கள். விறகு என்றால் கட்டு எண்ணுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூடியையும் ஊறவைப்பதையும் ஒரே வாரத்தில் தொடங்கினால், எது மிச்சப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும். விஞ்ஞானிகள் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அதே கொப்பியின் பின்பக்கத்தில் வீட்டின் வரவு செலவை எழுதலாம். அம்மா சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். கடையில் "எழுதி வாங்கிய" கடனையும் மறக்காமல் சேருங்கள்.

கடனில் ஒரு கணக்குக் கட்டாயம் தெரிய வேண்டும். "மாதம் நூற்றுக்குப் பத்து வட்டி" என்று சொன்னால் சின்னதாகக் கேட்கும். 10,000 ரூபாய் வாங்கினால் மாதம் 1,000 ரூபாய் வட்டி. பத்து மாதத்தில் வட்டியே 10,000 ரூபாய் ஆகிவிடும். வாங்கிய 10,000 ரூபாய் குறையாமல் அப்படியே நிற்கும்! தோட்டத்தில் எடுக்கும் தீபாவளி முற்பணம் வேறு மாதிரி. அதைச் சம்பளத்தில் மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துத் தீர்த்துவிடுவார்கள். எந்தக் கடன் எவ்வளவு காலத்தில் எவ்வளவாகிறது என்று பெருக்கிப் பார்க்க உங்களுக்குத் தெரியும். வீட்டில் யாராவது கையெழுத்துப் போடுவதற்கு முன் பெருக்கிக் காட்டுங்கள்.

சேமிப்பு ஒன்று உங்கள் வீட்டில் ஏற்கெனவே நடக்கிறது. பலருக்கு அது தெரியாது. அதன் பெயர் ஊழியர் சேமலாப நிதி. 1958 ஆம் ஆண்டின் சட்டம் அது. தொழிலாளியின் சம்பளத்தில் ஆகக் குறைந்தது 8 சதவீதம் பிடிப்பார்கள். கம்பனி தன் பங்காக 12 சதவீதம் போட வேண்டும். 2024 இல் நாள் சம்பளம் 1,350 ரூபாய் என்று அறிவித்தார்கள். அதில் 8 சதவீதம் 108 ரூபாய். 12 சதவீதம் 162 ரூபாய். இரண்டும் சேர்ந்தால் ஒரு நாள் வேலைக்கு 270 ரூபாய் சேர வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி போடும் 3 சதவீதம் அதற்குப் புறம்பு. அம்மா வேலைக்குப் போன ஒவ்வொரு நாளும் அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும் அல்லவா?

கடைசியாக ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். மண்ணெண்ணெய் 340 ரூபாய் விற்ற காலத்தில் மூடி போட்டிருந்தால் மாதம் 420 ரூபாய் மிஞ்சியிருக்கலாம். அது நல்லது. ஆனால் 2021 இல் 1,000 ரூபாயான நாள் சம்பளம், மாவும் மண்ணெண்ணெயும் மூன்று நாலு மடங்கு ஏறிய 2022 இலும் அதே 1,000 ரூபாய்தான். 2023 இலும் அதேதான். நாள் சம்பளத்துக்குப் பத்துக் கிலோ மா வாங்கிய குடும்பம் மூன்று கிலோ வாங்கியது. எந்தச் சட்டி மூடியாலும் அந்தக் குறையை அடைக்க முடியாது. உங்கள் வீட்டில் மாதக் கடைசியில் காசு இல்லாமல் போனால், அம்மாவுக்குச் செலவழிக்கத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல விடாதீர்கள். நீங்களும் நினைக்காதீர்கள். உழைப்புக்கு ஏற்ற கூலி கேட்பது வேறு வேலை. அதற்கும் சரியான கணக்குத்தான் வேண்டும்.

ஆகவே வருகிற பத்தாம் திகதி சம்பளம் வந்ததும், சம்பளத் துண்டை வாங்கி அம்மாவோடு உட்காருங்கள். எத்தனை பேர் (முழுநாள் வேலை), எத்தனை அரைப்பேர் (அரைநாள் வேலை), முற்பணம் எவ்வளவு கழிந்தது, சேமலாப நிதிக்கு எவ்வளவு போனது என்று ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். விளங்காத வரி இருந்தால் அடியில் கோடு போட்டுப் பாடசாலைக்குக் கொண்டுபோய் ஆசிரியரிடம் கேளுங்கள்.